குளியல் தொட்டியைத் தாங்குவது எது?



டைல்ஸ் கடைக்குப் போனால் முதலில் கேட்பது "என்ன கலர் சார்?" என்றுதான். அடுத்தது "பட்ஜெட் எவ்வளவு?". அந்தத் தரையின் மேல் எவ்வளவு எடை வரப்போகிறது என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் சொல்வதில்லை. குளியலறைதானே, ஒரு வாளியும் குவளையும் தவிர அங்கே என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு. ஆனால் இப்போது நம் ஊர்ப்பக்கத்து வீடுகளிலும் மாடியில் அட்டாச்டு பாத்ரூம் சாதாரணமாகிவிட்டது. அதில் சுவரோடு சேர்த்துக் கட்டாமல், தன் காலில் தானே நிற்கிற பெரிய குளியல் தொட்டி வேண்டும் என்று கேட்கிறவர்களும் வந்துவிட்டார்கள். "எந்த டைல்ஸ் போட்டால் இந்தத் தொட்டியைத் தாங்கும்?" என்பது அவர்கள் கேள்வி. ஸ்ட்ரக்சுரல் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்த நாலைந்து சூத்திரங்களை வைத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும் என்பதைக் காட்டத்தான் இக்கட்டுரை.

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் எங்கள் ஊர். கரும்பு ஏந்தி நிற்கும் தண்டாயுதபாணி மலைக்கோயிலாலும் சின்ன வெங்காயத்தாலும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். அங்கே ஒரு வீட்டில் என் தாய்மாமா கொத்தனார் வேலை பார்க்கிறார். வீட்டுக்காரர் பல வருடம் சிங்கப்பூரில் இருந்து திரும்பியவர். கீழ்த்தளத்தில் அடுப்படி, அதற்கு நேர் மேலே மாடியில் குளியலறை. அங்கே ஒரு கருங்கல் தொட்டி வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஸ்லாப் போட்டாகிவிட்டது. ஒரு அடி பள்ளமாக இறக்கிப் போட்ட சங்கன் ஸ்லாப். பள்ளத்தை ரொப்புவதற்காக செங்கல் ஜல்லி வாசலில் குவிந்து கிடந்தது. அந்த நேரத்தில்தான் மாமா என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, நீதான் படிக்கிறியே, எந்த டைல்ஸுன்னு சொல்லு" என்றார்.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அறை ஏறக்குறைய 3 மீட்டருக்கு 2.4 மீட்டர். ஸ்லாப் 5 அங்குலம், அதாவது 125 மி.மீ. கனம். பள்ளம் 300 மி.மீ. இவற்றை வைத்தே மேலே போவோம்.

குளியலறைத் தளத்துக்கு எவ்வளவு லைவ் லோடு எடுக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 875, இரண்டாம் பாகத்தில் (1987) இருக்கிறது. வீடுகளில் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் ஒரே அளவுதான்: சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன். பரீட்சைக்கு இது போதும். ஆனால் ஊரில் போய் "ரெண்டு கிலோ நியூட்டன் அண்ணே" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஆகவே மூட்டைக் கணக்குக்கு மாற்றினேன். 2 கிலோ நியூட்டன் என்பது சுமார் 204 கிலோ. 50 கிலோ வெங்காய மூட்டை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு நாலு மூட்டை. இதைச் சொன்னதும் வீட்டுக்காரர், "அப்ப கல் தொட்டி எத்தனை மூட்டை தம்பி?" என்று தானாகவே கேட்டார்.

தொட்டியின் எடையைக் கணக்கிடும்போது மூன்று விஷயம் சேரும்: தொட்டி, தண்ணீர், ஆள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஆளின் எடையைத் தனியாகக் கூட்ட வேண்டுமா என்றால், இங்கே ஆர்க்கிமிடீஸ் நமக்கு உதவுகிறார். தொட்டி நிறைய நீர் இருக்கும்போது ஒருவர் உள்ளே இறங்கினால், அவர் உடம்பு எவ்வளவு முங்குகிறதோ அவ்வளவு நீர் வெளியே போய்விடும். மனித உடம்பின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்திதான். ஆகவே விளிம்பு வரை எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பார்த்து அத்தனை கிலோ என்று வைத்துக்கொண்டால், நீரும் ஆளும் சேர்ந்த எடை கிட்டத்தட்ட வந்துவிடும். பெரியவர் ஒருவர் படுக்கக்கூடிய, 1.7 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும் உள்ள தொட்டிக்கு இதை 250 கிலோ என்று எடுத்துக்கொண்டேன்.

இனி தொட்டி. அக்ரிலிக் தொட்டி இருக்கிறதே, அது 40 கிலோ சுமாருக்கு இருக்கும். இரண்டு பேர் தூக்கிவிடலாம். மொத்தம் 290 கிலோ, அது நிற்கும் பரப்பில் வகுத்தால் சதுர மீட்டருக்கு சுமார் 227 கிலோ. கோடு சொல்கிற 204-ஐக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. அறையின் மற்ற இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும் என்பதால் இதைப்பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டி 150 கிலோ என்று கொண்டால் மொத்தம் 400 கிலோ, எட்டு மூட்டை. கருங்கல் தொட்டி, கனத்தைப் பொறுத்து 600 கிலோவுக்குக் குறையாது. நீரும் ஆளும் சேர்ந்து 850 கிலோ. அதாவது ஒரு கயிற்றுக் கட்டிலைவிடச் சின்ன இடத்தில் பதினேழு மூட்டை! அதுவும் அடுப்படிக்கு மேலே. இதைக் கேட்டதும் அவர் வீட்டு அம்மா, "அப்ப நான் சமைக்கிற எடத்துக்கு மேலேயா?" என்று கேட்டார்கள். அதற்குமேல் ஒருத்தரும் டைல்ஸ் கலரைப்பற்றிப் பேசவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கல் தொட்டியும் இரும்புத் தொட்டியும் வேண்டாம், செங்கல்லில் கட்டி டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்பது மாமாவின் யோசனை. நம் பக்கத்துக் குளியலறைகளில் மூலையில் ஒரு சிமெண்ட் தொட்டி இருப்பது வழக்கம்தானே. சரி என்று அதற்கும் கணக்குப் போட்டேன். வெளி அளவு 1.8 மீட்டருக்கு 0.9 மீட்டர், உயரம் 0.6. சுவர் பூச்சு, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து 150 மி.மீ., அடித்தளம் 100 மி.மீ. என்றால் உள்ளே 1.5-க்கு 0.6, ஆழம் 0.5. மொத்தக் கன அளவு 0.972 கன மீட்டர், உள் கன அளவு 0.45. மீதி 0.522 கன மீட்டர் செங்கல்லும் கலவையும். கன மீட்டருக்கு 2000 கிலோ போட்டால் 1044 கிலோ. விளிம்பு வரை நீர் 450 கிலோ. ஆக ஏறக்குறைய ஒன்றரை டன். கருங்கல் தொட்டியைவிட நம்ம கட்டுத் தொட்டி கனம்! வெளிநாட்டுச் சாமானைப் பார்த்துப் பயப்படுகிறோம், கைக்குப் பழகிய செங்கல்லைப் பார்த்துப் பயப்படுவதில்லை. மாமா இந்தக் கணக்கை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

கனமான தொட்டி நம் நாட்டுக்குப் புதிதில்லை. ஆக்ரா கோட்டையில் ஜஹாங்கீர் மகாலுக்கு முன்னால் ஒரே கல்லில் குடைந்த தொட்டி ஒன்று நிற்கிறது. 'ஹௌஸ்-இ-ஜஹாங்கீரி' என்று பெயர். ஹிஜ்ரி 1019, அதாவது 1610-11-இல் செய்தது. உயரம் சுமார் 5 அடி, மேல் விட்டம் சுமார் 8 அடி. ஏறி இறங்க உள்ளேயும் வெளியேயும் படி வெட்டியிருக்கிறார்கள். உள்ளே சராசரியாக 2 மீட்டர் விட்டமும் 1.2 மீட்டர் ஆழமும் இருப்பதாக வைத்துக்கொண்டால் நீர் மட்டுமே முக்கால் குறைய நாலரை டன் போல, சரியாகச் சொன்னால் 3.77 டன் வருகிறது. கல்லின் எடை தனி. அது இன்று நிற்பது தரையில், மாடியில் இல்லை.

செட்டிகுளம் வீட்டுக்கு வருவோம். தொட்டியின் எடை தெரிந்துவிட்டது. அது போய் உட்காரப்போகும் ஸ்லாப் ஏற்கெனவே என்னென்ன சுமக்கிறது என்று சதுர மீட்டர் கணக்கில் எழுதிப் பார்த்தேன். ஸ்லாபின் சொந்த எடை 25 பெருக்கல் 0.125, அதாவது 3.1 கிலோ நியூட்டன். அடிப்பூச்சு கால். டைல்ஸும் அதன் கலவையும் சேர்ந்து 1. பள்ளத்தை ரொப்பும் செங்கல் ஜல்லிக் கான்கிரீட் கன மீட்டருக்கு சுமார் 18, ஆழம் 0.3, ஆக 5.4 கிலோ நியூட்டன்!

இந்த 5.4-ஐப் பார்த்ததும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஸ்லாபைவிட அதன் மேல் கொட்டும் ரொப்பல் அதிக எடை. அறை முழுவதற்கும் பார்த்தால் 7.2 சதுர மீட்டர் பெருக்கல் 5.4, ஏறக்குறைய 39 கிலோ நியூட்டன், அதாவது 4 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. கல் தொட்டி நீரோடு சேர்ந்து 850 கிலோ. டைல்ஸுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கப்போவது 4 டன். ஒரு சட்டிக்கு 25 கிலோ என்றால் சித்தாள்கள் 150 தடவைக்கு மேல் தலையில் சுமந்து மாடியேற வேண்டும். என் அம்மா இந்த வேலை செய்தவர். அதனால் இந்த எண் எனக்கு வெறும் எண்ணாகப் படவில்லை.

பள்ளத்தை ஏன் ரொப்புகிறோம்? கழிவுநீர்க் குழாயை மறைப்பதற்கும், தரையை மட்டத்துக்குக் கொண்டுவருவதற்கும்தான். அதற்குக் கனமான பொருளே வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஏ.ஏ.சி. பிளாக் உடைசல் கன மீட்டருக்கு 6 கிலோ நியூட்டன் சுமார்தான். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சும். இடையில் கலவையும் போக வேண்டும். எனவே ஜாக்கிரதையாக 10 என்று எடுத்துக்கொண்டாலும் 0.3 ஆழத்துக்கு 3 கிலோ நியூட்டன்தான். சதுர மீட்டருக்கு 2.4 மிச்சம். அறை முழுவதற்கும் 17 கிலோ நியூட்டனுக்கு மேல், அதாவது ஒன்றே முக்கால் டன். நீர் நிறைந்த கல் தொட்டியைப்போல் இரண்டு மடங்கு எடையை, கம்பியில் கை வைக்காமல், ஸ்லாபைத் தொடாமல், ரொப்பும் பொருளை மாற்றியே குறைத்துவிடலாம்! இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் ஞாபகம் இருக்கும் என்றால் இந்த வரியாக இருக்கட்டும்.

அடுத்தது, தொட்டியை எங்கே வைப்பது. நடுவில் வைத்தால்தான் அழகு என்பார்கள். சிங்கிள் பாயிண்ட் லோடுக்கு நடுவில் பெண்டிங் மொமெண்ட் டபிள்யூ எல் பை 4. ஓரத்தில் டபிள்யூ ஏ பி பை எல். முதல் வருஷத்திலிருந்து எத்தனை தடவை எழுதியிருப்போம்! இதோ அது வேலைக்கு வருகிறது. தொட்டியை அறையின் நீளவாக்கில் வைப்போம். 850 கிலோ என்பது 8.34 கிலோ நியூட்டன். அதை 1.7 மீட்டர் நீளத்துக்குப் பங்கிட்டால் ஒரு மீட்டர் பட்டைக்கு 4.9. ஸ்லாபின் குறுக்கு ஸ்பான் 2.4 மீட்டர், இரு பக்கமும் சும்மா தாங்குவதாக வைத்துக்கொள்வோம். தொட்டி நடுவில் இருந்தால் மொமெண்ட் 2.94. தொட்டியின் மையம் தாங்கியிலிருந்து அரை மீட்டரில் இருக்கும்படி சுவரோரம் தள்ளினால் 4.9 பெருக்கல் 0.5 பெருக்கல் 1.9 வகுத்தல் 2.4, அதாவது 1.94. ஒன்றரை முழம் நகர்த்தியதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

இதை மற்ற எண்களோடு ஒப்பிடுங்கள். பரவலான லோடுக்கு டபிள்யூ எல் ஸ்கொயர் பை 8. கோடு அனுமதித்த லைவ் லோடு 2-க்கு மொமெண்ட் 1.44. செங்கல் ஜல்லி ரொப்பலுக்கு மட்டும் 3.89. கல் தொட்டியை நட்ட நடுவில் வைத்தாலும் வராத மொமெண்ட், ரொப்பலால் வருகிறது. ரொப்பலை மாற்றினால் 1.73 குறையும். அதோடு அனுமதித்த 1.44-ஐயும் சேர்த்தால் 3.17 கையில் இருக்கிறது; சுவரோரத் தொட்டி கேட்பது 1.94. வார்ப்பிரும்புத் தொட்டி என்றால் நடுவில் வைத்தாலும் 1.39தான்.

இது ஒரு மீட்டர் பட்டையை வைத்துப் போட்ட மேலோட்டமான கணக்கு. 3-க்கு 2.4 அறையில் ஸ்லாப் இரண்டு பக்கமும் எடையைக் கடத்தும், அதனால் உண்மையான மொமெண்ட் இதைவிடக் குறையும். ஆனால் உள்ளே என்ன கம்பி, எத்தனை சென்டிமீட்டர் இடைவெளியில், கவரிங் எவ்வளவு என்பதெல்லாம் தெரியாமல் "தாங்கும்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஐ.எஸ். 456-இல் (2000) ஸ்லாபின் கனத்துக்கு ஒரு சுலப வழி உண்டு. இருபக்க ஸ்லாபுக்கு ஸ்பானை 35-ஆல் அல்லது 40-ஆல் வகுப்பது, முறுக்குக் கம்பி என்றால் அந்த எண்ணை 0.8-ஆல் பெருக்கிக்கொள்வது. நாம் அதை அப்படியே பிடித்துக்கொள்கிறோம். அது 3.5 மீட்டர் வரையுள்ள ஸ்பானுக்கும், சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன் வரையுள்ள லைவ் லோடுக்கும் மட்டும்தான் என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. கல் தொட்டி நிற்கும் இடத்தில் அந்த 3 எப்போதோ தாண்டிவிடும்.

நல்லவேளையாக அந்த வீட்டில் கான்கிரீட் போடுவதற்கு முன் கட்டிய கம்பியை செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார்கள். படத்தையும் வரைபடத்தையும் என் தாளையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் கொண்டுபோய்க் காட்டினார் வீட்டுக்காரர். அவர் முழுக்கணக்கும் போட்டுப் பார்த்து, லேசான ரொப்பல், சுவரோரம், வார்ப்பிரும்புத் தொட்டி வரை சரி என்றார். கல் தொட்டிக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. வாசலில் கிடந்த செங்கல் ஜல்லி மொட்டை மாடிக்குத் தளம் போடப் போய்விட்டது, வீணாகவில்லை. எந்தச் சுவர் ஓரம் என்பதையும் அவரே குறித்துக் கொடுத்தார். அந்தக் குளியலறைக்கு நாலு பக்கமும் சுவர் இருந்தாலும், இரண்டு சுவர்தான் கீழே அஸ்திவாரம் வரை போகிறது. ஒன்று பீமின் மேல் நிற்கிறது. இன்னொன்று வெறும் நாலரை அங்குலத் தடுப்பு.

சில வீடுகளில் மாடிக் குளியலறையையே மூன்று அடி வெளியே நீட்டி கேண்டிலிவரில் வைத்துவிடுகிறார்கள். அங்கே தொட்டி என்ற பேச்சே கூடாது. மொமெண்ட் எட்டால் வகுபடுவதற்குப் பதில் இரண்டால் வகுபடுகிறது. அதுவும் மேல் பக்கத்தில் இழுவிசை. மேல் கம்பிதான் அதற்கு உயிர். கான்கிரீட் கொட்டும்போது நாலு பேர் அதன் மேல் மிதித்து நடந்து கீழே அமுக்கிவிட்டால், வரைபடத்தில் இருக்கும் கம்பி வேலைக்கு இல்லாத கம்பி ஆகிவிடும். அதேபோல் தேக்குக் கட்டை மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடிகள். அவற்றின் மேல் நீர் நிற்கும் எதையும் வைக்கக் கூடாது. எடையைவிட ஈரம் அந்தக் கட்டைகளைச் சீக்கிரம் தின்றுவிடும்.

இப்போது டைல்ஸ். இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் அதைப்பற்றிப் பேச வேண்டும். வார்ப்பிரும்புத் தொட்டி நாலு காலில் நிற்கிறது. 400 கிலோ என்றால் காலுக்கு 100. காலின் அடி 5-க்கு 5 சென்டிமீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ. எம் 20 கான்கிரீட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. அது 200 கிலோ கணக்கில் தாங்கும் சரக்கு. டைல்ஸும் தாங்கும், அடியில் இடைவெளி இல்லாமல் இருந்தால்! நாலு மூலையிலும் நடுவிலும் ஒரு உருண்டை கலவை வைத்து அமுக்கிவிட்டுப் போனால் டைல்ஸ் ஒரு சின்னப் பாலம் மாதிரி ஆகிவிடும். கால் அந்தப் பாலத்தின் நடுவில் உட்கார்ந்தால் பட்டென்று வெடிக்கும். ஆகவே முழுப் பரப்புக்கும் கலவை அல்லது பல் கரண்டியால் சீவிய டைல்ஸ் பசை. காய்ந்தபின் மரக்கட்டையால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டொக்கு டொக்கு' என்று காலியாகக் கேட்கும் டைல்ஸைத் தயங்காமல் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும்.

வகை என்று கேட்டால், தொட்டிக்கு அடியில் அரை சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாத விட்ரிஃபைடு டைல்ஸ், மேல்பரப்பு சொரசொரப்பாக இருப்பது, போதும். சுவர் டைல்ஸ் மிச்சம் இருக்கிறதே என்று தரையில் போடக்கூடாது. அது மெல்லியது, நீரும் நிறைய குடிக்கும். பளபளப்பான கிரானைட் பார்க்க நன்றாக இருக்கும், சோப்புத் தண்ணீர் பட்டால் வழுக்கும். இரண்டடி விளிம்பைத் தாண்டிக் காலை வெளியே வைக்கிற இடம் அது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் சுவரில் வேண்டும். இன்னும் சொல்லப்போனால் அவர்களுக்குத் தொட்டியைவிட முக்காலியும் வாளியும்தான் வசதி, ஆனால் அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

வாட்டம் என்று ஒன்று இருக்கிறது. தரை 100-க்கு 1 சரிந்தால் 1.7 மீட்டர் தொட்டியின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 17 மி.மீ. வித்தியாசம். தொட்டி நாலு காலில் நிற்காமல் மூன்று காலில் நிற்கும்; நாம் காலுக்கு 100 என்று போட்ட கணக்கு அங்கே பொய்யாகிவிடும். சிலர் அட்டையை மடித்துக் காலுக்குக் கீழே சொருகுகிறார்கள். அது வேண்டாம். தொட்டி நிற்கும் இடத்தை மட்டும் ரசமட்டம் வைத்து மட்டமாகப் போட்டுவிட்டு, அதைச் சுற்றி வாட்டம் கொடுத்துக்கொள்ளலாம்.

எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மாடிக் குளியலறைகளைக் கெடுப்பது பெரும்பாலும் கசிவு. தொட்டியின் கழிவுக் குழாய் இணைப்பு தரைக்குள் மறைந்திருக்கும். அங்கே கசிந்தால் வெளியே தெரியாது. ரொப்பல் 2.16 கன மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் நீர் தேங்கினாலும் 216 லிட்டர். மேலே ஒரு தொட்டி நீர், கீழே இன்னொரு தொட்டி நீர்! மேலே இருப்பதைக் குளித்ததும் திறந்துவிடுகிறோம். கீழே இருப்பது அங்கேயே கிடந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் பிடிக்கும். கான்கிரீட்டை உள்ளிருந்து நெட்டும். ஒரு நாள் அடுப்படியில் பூச்சு உதிரும். அதனால் ரொப்புவதற்கு முன்பே பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் வாட்டர் ப்ரூஃபிங் பூசி, குழாய் வாயை அடைத்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். நீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு, கீழே அடுப்படி மேற்கூரையைக் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். ஈரம் தெரிந்தால் அந்தக் கட்டத்தில் சரிசெய்ய ஒரு நாள் கூலி ஆகும். டைல்ஸ் போட்ட பிறகு தெரிந்தால் குளியலறை முழுவதையும் உடைக்க வேண்டும். செட்டிகுளத்தில் முதல் தடவையே, குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் காட்டியது. அடைத்து மறுபடி தண்ணீர் கட்டினார்கள்.

கீழ்த்தளத்தில் வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்று கேட்கலாம். எடையைப் பொறுத்தவரை சரிதான். கல் தொட்டிகூட சதுர மீட்டருக்கு முக்கால் டன்னுக்கும் குறைவுதான். 60 கிலோ ஆள் வெறுங்காலோடு நிற்கும்போதே பாதத்துக்குக் கீழே அதைவிட அதிக அழுத்தம். ஆனால் எங்கள் மாவட்டத்தில் கரிசல் மண் அதிகம். மழையில் ஊதும், வெயிலில் பிளக்கும். அந்த மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் அடிப்பக்கம் குடம் போல் விரிந்த அண்டர் ரீம்டு பைல் முறையை உருவாக்கியது. சுவருக்கு அஸ்திவாரம் ஆழமாகப் போடுகிறோம். தரைக்கோ, தோண்டிய கரிசலையே பேஸ்மெண்ட்டுக்குள் தள்ளி மேலே கான்கிரீட் போடுகிறோம். அப்புறம் தொட்டிக் குழாய் லேசாகக் கசிந்தால் போதும், மண் ஒரு பக்கம் ஊதி, தொட்டி சாய்ந்து, இணைப்பு இன்னும் விட்டு, கசிவு கூடி, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும். கரிசலை அகற்றி, கிராவலை அரை அடி அரை அடியாகக் கொட்டி, நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்து, அதன் மேல் 100 மி.மீ. கான்கிரீட் போட வேண்டும். இடிக்கும் நேரத்தை மிச்சம் பிடிக்கும் மேஸ்திரியிடம் கொஞ்சம் பிடிவாதமாகத்தான் இருக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, வரைபடத்தில் வராத ஒரு விஷயம். தொட்டி மாடிக்கு எப்படிப் போகும்? 150 கிலோ இரும்பை நாலு பேர் தூக்கினால், படிக்கட்டுத் திருப்பத்தில் அந்த நாலு பேரின் எடையும் சேர்ந்து 400 கிலோ ஒரே இடத்தில் நிற்கும். அதனால் திருப்பத்தில் இறக்கி வைத்து இளைப்பாறக் கூடாது. டைல்ஸ் போட்ட தரையில் உருளைக் குழாய் வைத்துத் தள்ளவும் கூடாது. குழாய் தொடும் கோடு முழுக்க அழுத்தம் விழும். பலகை பரப்பி அதன் மேல் நகர்த்த வேண்டும். தொட்டியின் அகலம் 0.75 மீட்டர். குளியலறைக்கு வாங்கி வைத்திருக்கும் நிலையின் உள் அகலம் இரண்டேகால் அடி, 0.69 மீட்டர். காலைக் கழற்றி ஒருக்களித்துத்தான் நுழைக்க முடியும், ஆனால் வெளியே திரும்பும் இடம் குறுகல். அதனால் தரை வேலை முடிந்து, தொட்டி உள்ளே போன பிறகுதான் அந்தக் கதவுக்கு நிலை நிறுத்துவது என்று மாமா முடிவு செய்திருக்கிறார். நிலை இப்போது தார்ப்பாய் போர்த்தி வராண்டாவில் கிடக்கிறது.